புளித்தண்ணீரில் விழுந்த பச்சைக் கல்

ரசத்துக்காகப் புளி ஊறப்போட்ட கிண்ணத்தில் இன்று காலை கையை விட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே, புளியும் கையுமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பக்கத்து அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் நேற்றே, கடை வாசலில் நின்றபடியே போன் போட்டுக் கத்தியிருப்பேன். நீயும் "ஏட்டி, மெதுவாப் பேசு, காது அடைக்கி" என்று சொல்லிவிட்டு என்னைவிட உரக்கக் கத்தியிருப்பாய். அதற்கு வழியில்லாததால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன். உன் மலாக்கைட் புளித்தண்ணீரில் விழுந்துவிட்டது. ஆமாம், அதேதான். வெள்ளிக் கம்பி கட்டி, நீ அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் மீன் வாங்கவும் ஒரே மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு போன அந்தப் பச்சைக் கல். அதனால் உன் மகள் செண்பகாவின் கல்யாணமே நின்றுவிடும்போல ஆகிவிட்டது. பதறாதே, முழுக்கக் கேள்.

உனக்கு நினைவிருக்கிறதா, அந்தக் கல்லை நான் முதலில் பார்த்த நாள்? நீ உன் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த புதிது. லேக் மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் நான் கருப்பட்டி கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல், "எனக்கும் ரெண்டு வட்டு எடுத்து வைங்க, இந்தம்மா பூராவையும் அள்ளிட்டுப் போயிரப் போறாவ" என்றது. கல்கத்தாவில் ஒருத்தி சுத்தமான திருநெல்வேலிப் பேச்சில் என்னை வம்புக்கு இழுக்கிறாளே என்று சண்டைக்குத் திரும்பினேன். திரும்பியதும் கண்ணில் பட்டது உன் முகம் இல்லை, உன் கழுத்தில் கிடந்த கல்தான். அடர் பச்சை, இளம் பச்சை, மறுபடி அடர் பச்சை என்று அலை அலையாகக் கோடுகள். யாரோ உட்கார்ந்து வரைந்தது என்றே நினைத்தேன். சண்டையை மறந்துவிட்டு, "இது என்ன கல்லு?" என்று கேட்டேன். அன்றைக்கு நாம் வீடு திரும்ப மத்தியானம் ஆயிற்று.

நீ ஜியாலஜி படித்தவள், கனிமச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நான் வங்கியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள். கல் என்றால் எனக்கு அம்மிக்கல், ஆட்டுக்கல், சிறுநீரகக் கல், அவ்வளவுதான். அதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாய். நான் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து, என் மாமியார் கொடுத்த செம்புச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலத்தில் சொம்பின் கழுத்தெல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏட்டி, எதத் தேய்ச்சுத் தள்ளுத தெரியுமா?"

"களிம்ப. அழுக்கத் தேய்க்கக் கூடாதா?"

"அழுக்கா! அதத்தான் நான் வெள்ளியில கெட்டிக் கழுத்துல போட்டுருக்கேன்."

நான் நம்பவில்லை. என்னைக் கேலி பண்ணுகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து விளக்கினாய். செம்பு காற்றையும் ஈரத்தையும் குடித்துப் பச்சையாகிறது. சொம்பில் அது ஒரு மழைக்காலத்துப் பூச்சு. மலைக்குள்ளே, தாமிரம் கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, ஒரு தோலுக்கு மேல் ஒரு தோலாக யுகக்கணக்கில் படிந்தால் அது மலாக்கைட். சொட்டும் தண்ணீரில் தாமிரம் கூடினால், குறைந்தால், பச்சையும் மாறும். கோடுகள் வந்த கதை அதுதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கையில் புளிச் சக்கையை வைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்று அதைப் பாதிதான் தேய்த்தேன், மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அப்ப இந்தக் கல்லப் புளியில போட்டா?" என்று கேட்டேன்.

"போட்டா என்ன, நுரைச்சுக்கிட்டுக் கரையும். போட்டவ கைய நான் ஒடிப்பேன்."

நீ சொன்ன பராமரிப்பு முறைகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். புளி, எலுமிச்சை, வினிகர் பக்கத்தில் வரக்கூடாது. வெந்நீர் ஆகாது, சூடு பட்டால் கறுத்துப்போகும். சோப்பு, செண்ட் எதுவும் வேண்டாம். மெல்லிய துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து, உடனே உலர்த்த வேண்டும். மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போடக்கூடாது. பார்க்கக் கனமாக இருந்தாலும் மிருதுவான கல், ஊக்கு கீறினாலே கோடு விழும். நீ அதை உன் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றி வைப்பாய். பிள்ளையைக்கூட அவ்வளவு பத்திரமாகச் சுற்றியதில்லை என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

இந்த ஊரில் உனக்குப் பொழுது போவதற்குக் கேட்பானேன்! பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கையிலும் மூன்று மோதிரம், நான்கு மோதிரம். பவளம், கோமேதகம், நீலம் என்று ஜோசியர் எழுதிக்கொடுத்த கல்லெல்லாம் நம் கண்ணுக்கு நேரே ஆடும். நீ என் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாய்: "அது கண்ணாடி. அது சாயம் ஏத்துனது. அந்தப் பெரியவர் போட்டுருக்கது நல்ல சாமான், ஆனா பாவம் தலைகீழாக் கெட்டிக் குடுத்துட்டான்." ஒருமுறை ஒரு அம்மாளை இந்த ஊர் வழக்கப்படி அக்கா முறை வைத்து, "தீதி, உங்கள் பவளம் நிஜம்" என்று பாராட்டப்போய், அவர் தன் ஜாதகம் முழுக்க நமக்குச் சொல்லி, நாம் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனோம்.

நீ ஜோசியத்தை நம்பியதில்லை. ஆனால் கல்லைப் பற்றிய கதை ஒன்று விடமாட்டாய். எகிப்துக்காரிகள் மலாக்கைட்டை அரைத்து இமையில் பூசிய கதை, ரஷ்ய அரண்மனைத் தூண்களின் கதை, ஐரோப்பாவில் தொட்டில் பிள்ளைக்குத் திருஷ்டி படாமல் கட்டிவிட்ட கதை. ஆபத்து வருமுன் கல் தானாக உடைந்தோ மங்கியோ எச்சரிக்கும் என்ற கதையை மட்டும் செண்பகாவுக்குத் தினமும் சொல்ல வேண்டும். அவள் கண்ணை அகல விரித்துக் கேட்பாள். நீ என் பக்கம் திரும்பி, "மெதுவான கல்லு, கீழ போட்டா உடையத்தான் செய்யும். பிள்ளைட்ட அதச் சொன்னா தூங்குமா?" என்பாய். அந்தப் பிள்ளை அதைக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

இனி நடந்ததைக் கேள். உன் மகளுக்கும் அந்த வங்காளிப் பையன் அர்ணபுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். நம் முறையில் காலையில் தாலி, அவர்கள் முறையில் சாயங்காலம் குங்குமம். உன் நாத்தனார், நம் பெரிய மதினி, பதினைந்து கிலோ முறுக்கோடு ரயிலில் வந்து இறங்கிவிட்டார். வந்த மறுநாளே வீட்டைத் தலைகீழாக்கினார். பூஜை அலமாரியைத் திறந்து, "இது என்ன கோலம், ஒரு கல்யாண வீட்டுல சாமி சாமானெல்லாம் களிம்பேறிக் கெடக்கு!" என்று விளக்கு, தாம்பாளம், பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் புளியும் உப்பும் போட்டு ஊறவைத்துவிட்டார். செண்பகா உன் கல்லை உன் படத்துக்கு முன்னால், பஞ்சபாத்திரத்தின் தட்டில் வைத்திருந்தாள். தட்டோடு கல்லும் வாளிக்குள் போய்விட்டது. மதினி கண்ணுக்கு அது பச்சையேறிய ஏதோ ஒரு செம்புச் சாமான். பாவம், அதை எடுத்து நாரால் வேறு தேய்த்திருக்கிறார்! "எம்புட்டுத் தேய்ச்சும் பச்ச போவ மாட்டங்கு" என்று செண்பகாவிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

செண்பகா எனக்குப் போன் செய்தபோது அவள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. "மாசி, சர்போநாஷ், சர்போநாஷ்" என்று அழுகை மட்டும்தான்; சித்தி, சர்வநாசம் என்று வங்காளத்தில். நான் யாருக்கோ உயிர் போய்விட்டது என்று நினைத்து, வீட்டுச் செருப்போடு ஆட்டோ பிடித்து ஓடினேன். கதவைத் திறந்ததும் மதினி, "ஏளா, ஒரு கல்லுக்காவ இந்தப் பாடு படுத்துதா, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஒரு பக்கம் அழுகிறார்.

கல்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பளபளப்பு போய், முகம் முழுக்க வெளிறி, ஈரச் சாக்கட்டி போல் சொரசொரவென்று கிடந்தது. அலைகள் இருந்த இடம் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மதினியை ஏதாவது சொல்லியிருப்பேன். அவரும் அழுதுகொண்டிருந்ததால் செண்பகா பக்கம் திரும்பினேன்.

"சரி, அழாத. இது அமிலம் பட்டதால வந்தது. கல்லுக்கு வேற ஒண்ணும் ஆகல," என்றேன் செண்பகாவிடம்.

"அமிலம் இல்ல மாசி. அம்மா." அவள் குரல் தணிந்துவிட்டது. "அம்மாவுக்கு இஷ்டம் இல்ல. அதான் கல்லு இப்பிடி ஆயிருச்சு."

உன் மகள் முப்பது வயசுக்காரி, கம்ப்யூட்டரில் என்னென்னவோ பண்ணுகிறவள். சொல்கிற பேச்சைப் பார்! நான் திட்ட வாயெடுத்தேன். அவள் விடவில்லை. "அர்ணப நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு, எப்பிடிம்மான்னு கேட்டேன். பாக்கலாம்னு சொன்னா. மறு வாரம் ஆஸ்பத்திரி. அப்புறம் பேசவே இல்ல. சரின்னு சொல்லாமலே போயிட்டா மாசி. உங்ககிட்டயாவது சொன்னாளா?"

நான் மண்டையைக் குடைந்துகொண்டேன். அந்த நாட்களில் நாம் பேசியதெல்லாம் ரத்தப் பரிசோதனை, மாத்திரை, டாக்டர். அவனைப் பற்றி நீ சரி என்று சொன்னதாக ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. சொன்னாள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. உன் விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தெரியலம்மா" என்றேன். அன்று சாயங்காலமே அவள் அர்ணபிடம், கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம். "கல்லை முதலில் சரி செய்வோம்" என்றானாம்.

அதனால்தான் நேற்று பௌபஜாரில், நீ வழக்கமாகப் போகும் சந்தில், கல் தீட்டுகிறவர் கடைக்குப் போனோம். அவருக்கு உன்னை நன்றாக நினைவிருக்கிறது. கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"தீதி, மேலே ஒரு தோல் போயிருக்கிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி மெருகு போடலாம். ஆனால் முகம் மாறும். பழைய கோடு திரும்ப வராது. கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. ஓட்டை இருந்தால் கல் பிளந்தும் போகலாம்."

செண்பகா என்னைப் பார்த்தாள். நீ தடவித் தடவிப் பார்த்த முகம், உன் விரல் பட்ட கோடுகள். அதை எடுத்துவிட்டால் அது உன் கல்லா? அவள் மனதில் ஓடியது அப்படியே முகத்தில் தெரிந்தது. பிறகு அவளே அவரை அண்ணன் முறை வைத்து, "பண்ணுங்க தாதா" என்றாள்.

அவர் வெள்ளியைக் கழற்றினார். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்ட விட்டார். இந்தக் கல்லின் தூள் மூச்சில் ஏறினால் விஷம், எப்போதும் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும் என்று நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். கல் சக்கரத்தைத் தொட்டதும் பச்சைத் தண்ணீர் வழிந்தது. துவையல் அரைத்த அம்மியைக் கழுவியது போல அவ்வளவு பச்சை! செண்பகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. அவர் தேய்ப்பார், துடைப்பார், பார்ப்பார், எங்களிடம் காட்டமாட்டார். எனக்கோ பொறுமை இல்லை என்று உனக்குத் தெரியும். "காட்டுங்க தாதா, காட்டுங்க" என்று நச்சரித்து அவரிடம் திட்டு வாங்கினேன்.

கடைசியில் தோல் போர்த்திய சக்கரத்தில் மெருகேற்றி, துணியால் ஒற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்தார்.

அடியே, என்ன சொல்வது உன்னிடம்! அலைகள் இல்லை. ஓரத்தில் ஒரு கண். அந்தக் கண்ணின் நட்ட நடுவே கறுப்புக்குப் பக்கத்தில் போகும் பச்சைப் புள்ளி, அதைச் சுற்றி வளையம், வளையத்தைச் சுற்றி வளையம், கடைசி வளையம் நெல் நாற்றின் நிறத்தில் விரிந்து கல்லின் மறு ஓரம் வரை போகிறது. இத்தனை வருஷம் நீ கழுத்தில் போட்டுக்கொண்டு அலைந்தாயே, இது உள்ளேயே இருந்திருக்கிறது. உலகம் உண்டான நாளிலிருந்து இதை யாருமே பார்த்ததில்லை. முதலில் பார்த்தது நாங்கள் மூன்று பேர். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடையிலேயே "ஐயோ ஐயோ" என்று கத்தி, எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. நீ இதைப் பார்க்கவில்லையே என்று அதே மூச்சில் புலம்பினேன்.

செண்பகா மட்டும் கல்லைத் தொடாமல் நின்றாள். "அழகா இருக்கு மாசி. ஆனா அம்மா சொல்லலியே," என்றாள்.

அந்த நேரத்தில் அர்ணப் வந்து சேர்ந்தான். அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "பார்க்கலாமா?" என்று கேட்டுக் கையை நீட்டியவன், பாதியில் நிறுத்தினான். கைக்குட்டையை எடுத்தான். உள்ளங்கையைத் துடைத்தான், விரல் விரலாகத் துடைத்தான். பிறகு கல்லை அதன் ஓரங்களில் மட்டும் விரல் படும்படி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

எனக்கு அங்கேயே எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நீ போன் செய்த அந்தச் சாயங்காலம். நான் பயணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன், ரயிலை ஊருக்குள் விடாமல் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் நிறுத்தியிருந்தார்கள், பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு வண்டி தடதடவென்று போகிறது. நீ கல்லைப் பற்றி ஏதோ கதையளக்கிறாய் என்று பாதிக் காதில்தான் கேட்டேன். "ஏட்டி, இன்னைக்கு அந்தப் பையன் வந்தாம்லா. கல்லு மேசையில கெடந்துச்சு. வேர்வக் கையி பட்டா மங்கும்னு நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன், சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன். எல்லாரும் படக்குன்னு எடுப்பாவ. இவன் கையத் தொடைச்சிட்டுல்லா எடுத்தான்! தன்னோட சாமான் இல்ல, பாத்துத் தொடணும்னு அவனுக்குத் தெரியுது. இவன்கிட்ட எதையும் நம்பிக் குடுக்கலாம்ட்டி."

கடையில் நின்று, அந்தச் சொற்களை அப்படியே உன் பேச்சிலேயே செண்பகாவிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க மாசி," என்றாள். சொன்னேன். அர்ணப் என்ன ஆச்சு என்று புரியாமல், கல்லைக் கீழே வைக்கவும் பயந்து, இரண்டு கையிலும் ஏந்தியபடி "கீ ஹொலோ, கீ ஹொலோ?" என்று எங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். செண்பகா அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கல்யாணத் தேதி மாறவில்லை என்று அவனிடம் வங்காளத்தில் உத்தரவு போட்டாள்.

உன் சம்மதம் இத்தனை நாள் என்னிடம்தான் கிடந்திருக்கிறது, ரயில் சத்தத்துக்கு அடியில், எனக்கே தெரியாமல். கொடுக்க வேண்டிய ஆளிடம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் உன் குரல் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அடுத்த வாரம் மணமேடையில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்க வேண்டுமாம், உன் மகள் சொல்லிவிட்டாள். நிற்கிறேன்ட்டி.